போனுக்குப் போகாத கேமரா

எங்கள் தெருவில் ஹசீனாக்காவைக் கல்யாணத் தரகர் என்று யாரும் சொல்வதில்லை. முகத்துக்கு நேரே, அக்கா முறை வைத்து, "ஆபா, வாங்க" என்பார்கள். அவள் தலை மறைந்ததும் "கேமராக்காரி வந்துட்டுப் போறா" என்பார்கள். இரண்டுமே அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவர்கள் கொடுக்கும் டீயையும் குடித்துவிட்டு வருவாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நானாக இருந்தால் டம்ளரை அங்கேயே கவிழ்த்துவிட்டு வந்திருப்பேன்.

பாப்பிரெட்டிப்பட்டியில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். நான் பிளவுஸ் தைக்கிறவள். அவள் புருஷன் உசேன் பாய் பஞ்சு மெத்தை தைத்தவர். தையல் ஊசியில் ஆரம்பித்த பழக்கம் எங்களுடையது. ஊரில் பாதிப் பேர் அவர் தைத்த மெத்தையில் படுத்துத் தூங்கினார்கள். அவர் மட்டும் பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி, இருமி இருமித் தூக்கமில்லாமலே போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் ஹசீனாக்கா பர்தாவை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏற ஆரம்பித்தாள். தர்மபுரி, அரூர், மொரப்பூர், கடத்தூர் என்று பஸ் போகும் ஊரெல்லாம் அவளுக்கு வாடிக்கை வீடுகள் உண்டு.

ஆண் தரகர்கள் வாசலோடு நிற்க வேண்டியதுதான். ஹசீனாக்கா சமையலறை வரைக்கும் போவாள். பெண்ணை அங்கேயே வைத்து போட்டோ எடுப்பாள். முக்காடு இல்லாமல், வீட்டில் இருக்கிற மாதிரியே எடுப்பாள். அதனால்தான் அவளுக்குக் கேமரா வேண்டியிருந்தது. எல்லோர் கையிலும் போன் இருக்கும் காலத்தில் இது என்ன கூத்து என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அவளுக்கு முன்னால் ஒருத்தி போனில்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அனுப்பிய ஒரு பெண்ணின் படம் எங்கெங்கோ சுற்றி, முன்பின் தெரியாத ஒருவனின் ஸ்டேட்டஸில் வந்து நின்றது. அந்தப் பெண்ணின் படிப்பு அன்றோடு நின்றது. படத்தைப் போட்டவன் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறான். அதிலிருந்து தரகர் போனை எடுத்தாலே பெண்ணைப் பெற்றவர்கள் கதவைச் சாத்தினார்கள்.

ஹசீனாக்கா உள்ளங்கையில் அடங்கும் ஒரு கேமராவோடு போனாள். அதற்கென்று ஒரு முறையை வைத்துக்கொண்டாள். படம் கேமராவை விட்டு எங்கேயும் போகாது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்களிடம் அந்தச் சின்னத் திரையில் காட்டுவாள். படம் அவர்களுக்குப் பிடிக்கும் வரைக்கும் பெண் யார் வீட்டுப் பெண் என்று சொல்லமாட்டாள். பிடிக்கவில்லை என்றால் அவர்கள் கண் முன்னாலேயே அழித்துவிடுவாள். இதற்காகவே அவளைத் தேடி வந்தார்கள். பெண்ணுக்கு ஏதாவது குறை இருந்தால் அதை மறைக்கவும் மாட்டாள், முதலிலேயே உடைக்கவும் மாட்டாள். முதலில் படம், பிறகு குணம், குடும்பம், இரண்டாவது தடவை போகும்போது டீ குடித்து முடித்ததும் குறை. அதற்குள் அவர்கள் மனசு பெண்ணிடம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். ஒட்டிய மனசு சட்டென்று பிய்த்துக்கொள்ளாது என்பாள்.

அந்தப் பழைய கேமராவுக்குப் பார்வை மங்கல். திரை முழுக்கக் கீறல். அதில் பார்த்தால் எல்லாப் பெண்களும் கொஞ்சம் புகைக்கு நடுவில் நிற்பது போல் அழகாக இருப்பார்கள். முகப்பரு தெரியாது, கண்ணுக்குக் கீழே கருவளையம் தெரியாது. எத்தனையோ கல்யாணங்களை அந்த மங்கல் செய்து வைத்தது. ஒரு நாள் அதன் லென்ஸ் பாதி வெளியே வந்து, உள்ளே போகமாட்டேன் என்று நின்றுவிட்டது. தட்டிப் பார்த்தோம், ஊதிப் பார்த்தோம். செத்தது செத்ததுதான்.

ஊரார் பெண்களுக்கெல்லாம் மாப்பிள்ளை பார்த்தவளின் பெண் அன்ஜும் முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். எம்.எஸ்சி. படித்துவிட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். பிறக்கும்போது மேலுதடு பிளந்திருந்த குழந்தை அவள். கைக்குழந்தையாக இருக்கும்போதே சேலத்தில் ஆபரேஷன் செய்து தைத்துவிட்டார்கள். மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடு. தையல்காரி நான் சொல்கிறேன், அவ்வளவு சுத்தமான தையல். பேசிக்கொண்டிருக்கும்போது யாருக்கும் கண்ணில் படாது. படம் எடுக்க ஹசீனாக்காவோடு போவதும் அவள்தான். வெட்கப்பட்டுச் சுருங்கி நிற்கிற பெண்ணிடம் ஏதோ பேசி, அது தன்னை மறந்து சிரிக்கும் நேரம் பார்த்து எடுத்துவிடுவாள். எத்தனையோ பேருக்கு அவள் எடுத்த படத்தால்தான் மாப்பிள்ளை அமைந்தான். அவளுக்கு மட்டும் ஒருவனும் வரவில்லை. தரகர் பெண் என்றால் ஏதோ தள்ளிவிடப் பார்க்கிறாள் என்று நினைத்தார்கள். ஸ்டுடியோ படத்தைக் காட்டினால் கம்ப்யூட்டரில் திருத்தியது என்றார்கள். பழைய கேமராவில் காட்டினால் முகமே தெரியவில்லையே, எதை மறைக்கிறீர்கள் என்றார்கள்.

அது ஹசீனாக்காவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. கேமரா செத்ததும் அவள் அழவில்லை. "இந்தத் தடவ நல்லதா, தெளிவா ஒண்ணு வாங்கணும் சுகுணா. எம்பொண்ணு மொகத்துல பொய்யே இல்ல. உள்ளத உள்ளபடி காட்டிட்டா யாரு என்னா சொல்லுவாங்க?" என்றாள். யார் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்தான். ஆனால் பெற்றவள் ஆசைப்படும்போது எடுத்ததுமே அபசகுனமாகப் பேச வாய் வரவில்லை.

இரண்டு பேரும் தர்மபுரிக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் கேமரா கடை. கடைக்காரர் சவுரியப்பன் எங்களைப் பார்த்ததும் மெமரி கார்டா, சார்ஜரா என்றுதான் கேட்டார். சின்னக் கேமரா என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. இப்போது பெங்களூரில் காலேஜ் பிள்ளைகள் இதைத்தான் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள் என்று சொல்லி, கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து மூன்றை எடுத்து வைத்தார்.

முதலாவது சோப்புப் பெட்டி அளவுதான் இருந்தது. பர்தாவின் பக்கப் பையில் போட்டால் இருப்பதே தெரியவில்லை. ஆனால் திரை தீப்பெட்டி மாதிரி இருந்தது. கண்ணாடி போட மறுக்கும் மாமியார்கள் இதில் எதைப் பார்ப்பார்கள் என்று ஹசீனாக்கா தள்ளிவிட்டாள். இரண்டாவதைப் பற்றிச் சவுரியப்பன் பெருமையாகச் சொன்னார். இதில் எடுத்தால் அடுத்த நொடி படம் போனுக்குப் போய்விடும் என்றார். ஹசீனாக்கா தேள் கொட்டியது போல் கையை எடுத்தாள்.

"போனுக்குப் போவாத கேமரா இருந்தா குடுங்க பாய்" என்றாள்.

அவர் பாய் இல்லை, கிறிஸ்தவர். அதைப் பொருட்படுத்தாமல், இப்படிக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்று சிரித்துக்கொண்டே மூன்றாவதை நீட்டினார். விற்காமல் கிடந்த பழைய சரக்கு, ஆனால் நல்ல ஜாதி என்றார். எங்கேயும் அனுப்பாது. வெளிச்சமில்லாத அறையிலும் எடுக்கும். பெரிய திரை. போனில் செய்வது போலவே இரண்டு விரலை வைத்து விரித்தால் படம் பெரிதாகும். வயசானவர்களுக்கு வசதி என்றார்.

ஹசீனாக்கா என்னை நிற்க வைத்து ஒரு படம் எடுத்தாள். விரித்துப் பார்த்தாள். என் மூக்கின் மேலிருந்த கரும்புள்ளி ஒவ்வொன்றும் தெரிந்தது. மீசை என்று எனக்கு ஒன்று இருப்பது அன்றுதான் தெரிந்தது. அந்தக் கேமராவைத் தூக்கி ரோட்டில் போட வேண்டும் போல் எனக்கு ஆத்திரம் வந்தது. ஹசீனாக்காவுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "ஒவ்வொரு முடியும் தெரியுது பாரேன்" என்றாள்.

இவ்வளவு தெரியணுமா என்று கேட்டேன். இரண்டாவது டீ வரைக்கும் பொத்தி வைக்கிற சமாச்சாரத்தை இது முதல் வாய்க்கே சொல்லிவிடுமே என்றும் கேட்டுவிட்டேன். அந்தக் கோடு, அதைத் தேடுகிறவர்களுக்குத்தான் தெரியும், அன்ஜும் முகத்தைப் பார்க்கிறவர்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள் என்றாள். ஊரெல்லாம் ஏறி இறங்கியவள், மனுஷர்களை அவ்வளவு பார்த்தவள், தன் பெண் என்று வந்ததும் பச்சைக் குழந்தையாகப் பேசினாள். அதையே வாங்கிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் காலை அன்ஜுமை ஜன்னல் பக்கத்தில் உட்கார வைத்து ஹசீனாக்காவே எடுத்தாள். அன்ஜும் எடுக்கத்தான் பழகியவள். எடுக்கப்படத் தெரியவில்லை. விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிரிக்க வைக்க எங்கள் இருவருக்கும் சாமர்த்தியம் போதவில்லை. இருந்தாலும் வெயில் முகத்தில் விழுந்து படம் பளிச்சென்று வந்தது. அன்ஜும் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ரொம்பக் கிட்ட எடுத்துட்டீங்க அம்மி" என்று மட்டும் சொன்னாள். அதே வாரம் மொரப்பூரில் புளி வியாபாரம் செய்யும் அப்துல்லா பாயின் பெண் ஹீனாவையும் எடுக்க வேண்டியிருந்தது. அன்ஜும்தான் போய் எடுத்தாள். சமையலறையில் மாவுக் கையோடு திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் படம். அப்படி ஒரு படத்தை யாரும் வேண்டாம் என்று சொல்லமுடியாது.

தர்மபுரியில் ஒரு வீடு. பையன் அனீஸுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. நல்ல பையன், அதிர்ந்து பேசாதவன். இந்த இடத்தைத்தான் ஹசீனாக்கா அன்ஜுமுக்கென்று மனசில் முடிந்து வைத்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த நேரம் பார்த்து என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கல்யாணத் துணி தைக்கும் வேலை எனக்கு வரும் என்பது வெளியே சொல்லிக்கொண்ட காரணம். தனியாகப் போக அவளுக்குப் பயமாக இருந்தது என்பதுதான் நிஜம்.

அனீஸின் அம்மாவும் அக்காவும் இருந்தார்கள். வீட்டில் உருது பேசுகிறவர்கள், நான் இருப்பதால் மரியாதைக்குத் தமிழில் பேசினார்கள். அந்த மரியாதையால் ஒரு வார்த்தை விடாமல் எனக்கும் புரிந்து தொலைத்தது. ஹசீனாக்கா கேமராவைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டு, அன்ஜுமின் படத்தை வைத்து நீட்டினாள். வழக்கப்படி யார் பெண் என்று சொல்லவில்லை. படம் பிடித்ததும் என் பெண்தான் என்று சொல்லி அவர்களை அசத்த வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தாள்.

நல்ல களையான முகம் என்றுதான் அனீஸின் அம்மா ஆரம்பித்தார். எனக்கே மூச்சு வந்தது. பிறகு இரண்டு விரலைத் திரையில் வைத்து விரித்தார். கண்ணைப் பார்த்தார். நகர்த்தி வாயைப் பார்த்தார். சந்தையில் ஆட்டின் வாயைப் பிளந்து பார்ப்பவன்கூட ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டுத்தான் பார்ப்பான். விரல் உதட்டுக்கு மேலே வந்து நின்றது. இன்னும் விரித்தார். இப்போது திரையில் அன்ஜும் இல்லை. கண் இல்லை, நெற்றி இல்லை. அந்தக் கோடு மட்டும் கயிறு கனத்தில் திரை முழுக்கக் கிடந்தது.

"இது என்னா கோடு?" என்றார்.

ஹசீனாக்கா தடுமாறிப் போனாள். இரண்டாவது தடவை டீ குடித்த பிறகு, பதமாகச் சொல்ல வேண்டியது. பிறவியில் லேசாக இருந்தது, கைக்குழந்தையாக இருக்கும்போதே சரி செய்துவிட்டார்கள், நேரில் தெரியவே தெரியாது என்று கோர்வையில்லாமல் சொன்னாள். அக்காக்காரி கேமராவை வாங்கிப் பார்த்து, இழுத்து மூச்சு விட்டாள். பேச்சு ஒழுங்காக வருமா என்று கேட்டாள். வரும் என்றாள் ஹசீனாக்கா. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வருமா என்று கேட்டாள். அதற்கும் இல்லை என்று பதில் சொன்னாள். தன் பெண்ணைப் பற்றி அப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறக்கப் போனேன். பர்தாவுக்குள்ளிருந்து என் தொடையை அழுத்திப் பிடித்தாள்.

"பொறக்குற கொழந்தைக்கும் இப்பிடி வந்துட்டா என்னா பண்றது? பாவம், யாரு பெத்ததோ. இதையெல்லாம் நம்ம தலையில கட்டப் பாக்குறாங்க பாரு" என்றார் அனீஸின் அம்மா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. காய்கறி பொறுக்கும்போது சொத்தையை ஒதுக்குகிற சாதாரணக் குரலில் சொன்னார். எந்தச் சாதியில் இல்லை இது? எங்கள் வீட்டில் என் தங்கையை மாநிறம் என்று தள்ளிவிட்டுப் போனவர்களும் இதே குரலில்தான் பேசினார்கள்.

கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உங்க வழக்கப்படி அழிச்சிருங்க ஹசீனா. அடுத்தத காட்டுங்க" என்றார்.

அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழிக்கட்டுமா என்று திரையில் கேட்டது. ஹசீனாக்கா அழுத்தினாள். அன்ஜும் போனாள். அந்த இடத்துக்கு அடுத்த படம் தானாகவே வந்து நின்றது. மாவுக் கையோடு ஹீனா சிரித்துக்கொண்டிருந்தாள். ஹசீனாக்கா அதை மூடிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் கேமராவை அவர்களிடம் நீட்டினாள்.

அக்காக்காரி விரித்து விரித்துப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. சிரிப்பே எவ்வளவு லட்சணம் என்றார் அனீஸின் அம்மா. யார் எடுத்தது என்று கேட்டார். நம் பெண் ஒன்று எடுக்கும் என்றாள் ஹசீனாக்கா. அன்றைக்கே யார் வீட்டுப் பெண் என்று சொல்லி, புளி வியாபாரி அப்துல்லாவின் குணத்தையும் சொல்லி, பேச்சை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

பஸ்ஸில் நான் அவளைச் சும்மா விடவில்லை. பெற்றவளா நீ, அந்த இடத்திலேயே இன்னொருத்தியைக் காட்ட எப்படிக் கை வந்தது என்று கேட்டுவிட்டேன். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அடுத்ததைக் காட்டாமல் எழுந்திருந்தால் அது என் பெண் என்று தெரிந்துபோயிருக்கும் என்றாள். தெரிந்தால் அந்தக் கோடு எல்லா வீட்டுக்கும் போயிருக்கும் என்றாள். அப்படியும் எனக்குக் கோபம் போகவில்லை.

வீட்டில் அன்ஜும் கதவைத் திறந்தாள். ஹசீனாக்காவே, அவர்களுக்கு வேறு இடம் அமைந்துவிட்டதாம், உன் படத்தைக் காட்டவே இல்லை என்று சொன்னாள். அன்ஜும் கேமராவை வாங்கிச் சார்ஜில் போட்டாள். போடும் முன்னால் ஒரு தடவை படங்களைத் தள்ளிப் பார்த்ததை நான் கவனித்தேன். சாப்பிட்டீர்களா அம்மி என்று மட்டும் கேட்டாள்.

அனீஸுக்கும் ஹீனாவுக்கும் நிக்காஹ் மொரப்பூரில், ஸ்டேஷனுக்குப் பக்கத்து மண்டபத்தில் நடந்தது. ஹீனாவின் துணியெல்லாம் நான்தான் தைத்தேன். பெண்கள் இருக்கும் பக்கம் ஆண் போட்டோகிராபர் வரக்கூடாது என்று அப்துல்லா பாய் சொல்லிவிட்டார். அன்ஜும்தான் எடுக்க வேண்டும் என்று ஹீனாவே போன் செய்து கேட்டாள். என் படத்தை எடுத்த ராசியான கை அக்கா உங்களுடையது என்றாளாம். ஹசீனாக்கா வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அன்ஜும் பச்சை சுடிதார் போட்டுக்கொண்டு, கேமராவோடு கிளம்பி வந்துவிட்டாள்.

அன்று அவள் அழகாக இருந்தாள். நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. வேலையில் மூழ்கியவள் முகத்தில் வரும் தெளிவு அது. கிழவிகளைச் சிரிக்க வைத்தாள், அழுகிற குழந்தைகளைத் திரும்ப வைத்தாள். அனீஸின் அம்மா மணப்பெண் பக்கத்தில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஹசீனாக்காவைக் கையைக் காட்டி அழைத்தார்.

"யாரு இந்தப் பொண்ணு? எவ்வளவு லட்சணமா இருக்குது. எங்க கண்ணுல இத காட்டவே இல்லையே நீங்க. கல்யாணம் ஆயிருச்சா?"

என் பெண் என்று ஹசீனாக்கா சொல்லியிருக்கலாம். ஆயிற்று என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். எத்தனையோ வீட்டுச் சபையில் எத்தனையோ பெண்களுக்காகப் பேசிய வாய், அப்படியே அடைத்துப் போயிற்று.

அன்ஜும் கேமராவைக் கீழே இறக்கினாள். குரல் உயரவில்லை.

"நான் இவங்க பொண்ணுதாங்க. என் போட்டோவ உங்க வூட்ல காட்டிட்டுத்தான் அழிச்சாங்க. அழிச்சாவே யாரோ பாத்து வேணாம்னுட்டாங்கன்னுதான் அர்த்தம், எனக்குத் தெரியும்."

அனீஸின் அம்மாவுக்கு விளங்கச் சற்று நேரமானது. பிறகு எட்டி அன்ஜுமின் முகவாயைப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, மேலுதட்டைப் பார்த்தார். அன்ஜும் முகத்தை இழுத்துக்கொள்ளவில்லை. அந்த அம்மாள் ஹசீனாக்காவிடம் உண்மையான வருத்தத்தோடு திரும்பினார்.

"நேர்ல ஒண்ணுமே தெரியலையே. பெத்தவ நீங்க, மொதல்லயே நேர்ல கூட்டிட்டு வந்து காட்டியிருக்கக் கூடாதா? தப்பு உங்க மேலதான் ஹசீனா."

பக்கத்தில் ஹீனா மருதாணிக் கையோடு, ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே அனீஸுக்கு மாலை போட்டாகிவிட்டது. ஹசீனாக்கா மகளின் கையைப் பிடிக்கப் போனாள். அன்ஜும் அந்தக் கையிலிருந்து மெல்ல விலகி, இரண்டடி பின்னால் போய், மாமியாரையும் மருமகளையும் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காரச் சொன்னாள்.

"அம்மி, வெளிச்சத்த மறைக்கிறீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள்.

ஹசீனாக்கா தள்ளி நின்றாள். அன்ஜும் படத்தை எடுத்தாள்.